போதை ஏறினால் இசை நன்றாக வருமா? காதுக்கு ஒரு பதில், கைக்கு ஒரு பதில்

கஞ்சாவோ குடியோ வேறு எதுவோ எடுத்துக்கொண்டால் பாட்டு இன்னும் நன்றாகக் கேட்கிறது என்கிறார்களே, அது உண்மையா? வாசிப்பதும் இசையமைப்பதும்கூட மேம்படுமா? இதுதான் கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் கட்டிக் கேட்பதில்தான் பாதிக் குழப்பம். கேட்கும் சுகம் மாறுவது நிஜம், அதற்கு மூளையில் காரணமும் இருக்கிறது. வாசிப்பு மேம்படுவதாகத் தோன்றுவது வேறு சங்கதி. போதை முதலில் போய்த் தொடுவது விரலை அல்ல, "இது நன்றாக இருக்கிறது, இது தேறாது" என்று உள்ளே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் காதை. நீதிபதியே மயங்கியபின் வழக்கில் ஜெயிப்பது பெரிய காரியமில்லை.

முதலில் சுகம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பாட்டில் ஓரிடம் வரும்போது மயிர்க்கூச்செறியும் அல்லவா, அந்த நேரத்தில் மூளையில் சுகத்தோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பதை மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் படம் பிடித்துக் காட்டினார்கள். அதில் அழகான விஷயம் ஒன்று உண்டு. அந்த இடம் வரப்போகிறது என்று காத்திருக்கும்போது ஒரு பகுதியிலும், வந்து சேரும்போது இன்னொரு பகுதியிலும் சுரப்பு ஏறுகிறது. 2019-இல் வெளியான மற்றொரு சோதனையில் 27 பேருக்கு மூன்று தடவையாக லெவோடோபா, ரிஸ்பெரிடோன், வெறும் மாத்திரை ஆகியவற்றைக் கொடுத்துப் பாட்டுக் கேட்க வைத்தார்கள். டோபமைனைக் கூட்டும் லெவோடோபா போட்ட அன்று சுகம் கூடியது, அதே பாட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கவும் தயாராக இருந்தார்கள். டோபமைனைத் தடுக்கும் ரிஸ்பெரிடோன் போட்ட அன்று இரண்டும் இறங்கின. ஓபியம் வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் நால்ட்ரெக்ஸோனைக் கொடுத்து 2017-இல் மெக்கிலில் சோதித்தபோது, சொந்த விருப்பப் பாட்டுகளே முன்புபோல் உள்ளே இறங்கவில்லை. ஆக, இசையும் போதையும் ஒரே கம்பியில் ஓடும் மின்சாரம். ஒன்று மற்றொன்றைக் கூட்டும், குறைக்கும். இதில் மாயம் எதுவும் இல்லை.

கஞ்சாவை எடுத்துக்கொள்வோம், பெரும்பாலும் கேள்வி அதைச் சுற்றித்தான் வருகிறது. அதில் போதையேற்றும் பொருளான டிஎச்சி முதலில் குழப்புவது நேரக்கணக்கை. ஒரு நிமிடம் ஆனதும் சொல்லுங்கள் என்றால், நிமிடம் ஆவதற்கு முன்பே ஆகிவிட்டது என்பார்கள். உள்ளே இருக்கும் கடிகாரம் வேகமாக ஓடுவதால் வெளியே நேரம் நீண்டு தெரிகிறது. கேட்பவருக்கு இது லாபம்போல இருக்கும். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் இடம் திறந்துகொள்ளும், பின்னணியில் ஒளிந்திருந்த வாத்தியம் தனியாகத் தெரியும், ரிவெர்ப் என்ற எதிரொலி மறைகிற வால்வரை காது பின்தொடரும்.

வாசிப்பவருக்கு அதே சங்கதி கஷ்டம். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் 500 மில்லிசெகண்ட். அதை நான்காகப் பிரித்தால் 125. சேர்ந்து வாசிக்கும் நல்ல குழுவில் ஒருவருக்கும் மற்றவருக்கும் உள்ள விலகல் 20, 30 மில்லிசெகண்டைச் சுற்றி இருக்கும். அதைத் தாண்டினால் ‘ஒட்டவில்லை’ என்று கேட்பவருக்கே தெரிய ஆரம்பிக்கும். இவ்வளவு மெல்லிய கணக்கை, நிமிடத்தையே சரியாக எண்ண முடியாத கடிகாரத்தை வைத்துக்கொண்டு பிடிக்க வேண்டும். வேகம் காட்டும் மெட்ரோனோம் க்ளிக் காதில் ஓடும்வரை ஓரளவு ஒப்பேற்றிவிடலாம். க்ளிக்கை நிறுத்தினால் காலப்பிரமாணம் ஓடும், அல்லது இழுக்கும். இரண்டையும்விடக் கொடுமை, ஓடுவதும் இழுப்பதும் ஒரே பாட்டிலேயே மாறி மாறி வருவது. கூடவே குறுகியகால நினைவும் சுருங்கும். இரண்டாவது சுற்றில் இருக்கிறோமா மூன்றாவதா என்பது மறந்துபோகும். தனி வாசிப்பு நீண்டுகொண்டே போவதற்கு உள்ளிருந்து பொங்கும் கற்பனை காரணம் என்று வாசிப்பவர் நினைப்பார். பல சமயம், எங்கே தொடங்கினோம் என்று நினைவில்லாததுதான் காரணம்.

இதைப் பழைய சோதனை ஒன்று நேரடியாகவே தொட்டது. சுருதி, ஓசையின் அளவு, தாளம், நாத குணம், சுர நினைவு ஆகியவற்றை மதிப்பெண் போட்டு அளக்க ஸீஷோர் தேர்வு என்று ஒன்று உண்டு. 1944-இல் ஆல்ட்ரிச் என்ற அமெரிக்க மருத்துவர், கஞ்சாவைப் போன்ற செயற்கைப் பொருள் ஒன்றைக் கொடுத்து, கஞ்சாப் பழக்கம் இருந்தவர்களுக்கே இந்தத் தேர்வை வைத்தார். மதிப்பெண் ஏறவில்லை, கொஞ்சம் இறங்கியது. ஆனால் எழுதியவர்களில் பெரும்பாலோர் தாங்கள் நன்றாகச் செய்ததாகவே சொன்னார்கள். 2018-இல் 16 பேரை மூளை ஸ்கேனரில் வைத்துப் பார்த்தபோதும் இதே கதைதான். கஞ்சா எடுத்தபின் பாட்டுக் கேட்கும் ஆசை கூடியது, ஒலி தெளிவாகத் தெரிவதாகச் சொன்னார்கள். ஆனால் இசையைக் கேட்டதும் மூளையின் சுகப் பகுதிகளில் வழக்கமாக எழும் பதில் குறைந்திருந்தது. போதையேற்றாத சிபிடி என்ற பொருள் அதிகம் உள்ள கஞ்சாவில் இந்தக் குறைவு அவ்வளவாக இல்லை.

மாயக்காட்சி தரும் எல்எஸ்டியின் கதை இன்னும் வேடிக்கை. ஜூரிக் பல்கலைக்கழகத்தில் 2017-இல், ஒவ்வொருவருக்கும் நெருக்கமான பாட்டு, சாதாரணப் பாட்டு, எந்தப் பொருளும் தராத பாட்டு என்று பிரித்து வைத்துப் போட்டுக் காட்டினார்கள். எல்எஸ்டி எடுத்த அன்று, முன்பு பொருளில்லை என்று தள்ளியவையும் ஆழ்ந்த பொருள் கொண்டவையாகத் தெரிந்தன. மூளையில் செரடோனின் என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டும் 2ஏ ஏற்பியை அடைக்கும் கெட்டான்செரினை முன்கூட்டிக் கொடுத்தபோது அந்த மாற்றம் காணாமல் போனது. ‘அர்த்தம்’ என்ற முத்திரையைக் குத்தும் கை ஒன்று மூளையில் இருக்கிறது, இந்த மருந்து அதை எதன்மேலும் குத்த வைக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கேட்பவருக்கு அது அனுபவம். இசையமைப்பவருக்கு அது ஆபத்து, ஏனென்றால் அவருடைய வேலையே பத்து மெட்டில் ஒன்பதைத் தள்ளுவது. எல்லாவற்றிலும் முத்திரை விழுந்துவிட்டால் தள்ளுவதற்கு எதுவும் மிஞ்சாது. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் அந்த நிலையில் எழுதியதில் காலையில் தேறும் வரி இருக்கவே முடியாது என்று சொல்லமாட்டேன். புதுத் தொடர்பு ஒன்று கண்ணில் படலாம். அதைப் பாட்டாக்கும் வேலை முழுவதும் தெளிந்த பிறகுதான் நடக்கும்.

இனி குடி. சட்டப்படி கிடைப்பதாலோ என்னவோ, இசைக்காரர்கள் இதைப் போதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. காதுக்கு இது செய்வதை மட்டும் பாருங்கள். குடித்த கொஞ்ச நேரத்தில் கேட்கும் திறன் தற்காலிகமாக இறங்குகிறது, கீழ் அலைவரிசைகளில் அதிகமாக. உடனே, பாட்டை மிக்ஸ் செய்பவரின் கை தானாகவே சத்தம் கூட்டும் ஃபேடரை ஏற்றும். சத்தம் ஏறினால் மனிதக் காதுக்கு பேஸ் என்ற கீழ் ஓசை கொழுத்துக் கேட்கும், அது காதின் இயல்பு. பேஸ் போதும் போதும் என்று தோன்ற, குறைத்து வைப்பீர்கள். மறுநாள் சாதாரண சத்தத்தில் போட்டால் பாட்டு ஒல்லியாக, பாடகர் குரல் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். ‘நேற்று ராத்திரி பிரமாதமாக இருந்ததே’ என்ற புலம்பலுக்குப் பின்னால் உள்ள சங்கிலி இதுதான்: காது மங்கியது, சத்தம் ஏறியது, பேஸ் பொய் சொன்னது.

இன்னொரு சேதி இதைவிட முக்கியம். பெரிய சத்தம் வந்தால் நடுச்செவியில் ஒரு சிறு தசை இறுகி, உள்ளே போகும் அதிர்வைக் கொஞ்சம் தடுக்கும். மது அந்தத் தசை வேலை செய்யத் தொடங்கும் எல்லையை உயர்த்திவிடுகிறது. அதாவது காவல்காரன் தூங்கும்போதுதான் சத்தத்தைக் கூட்டுகிறோம். 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. மூன்று டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும், 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். மேடைக்கு முன் நின்று மூன்று மணி நேரம் ஆடியவர் காதில் ‘ஙொய்’ சத்தத்தோடு வீடு திரும்பினால், அது போதையின் மிச்சம் அல்ல, காதின் நஷ்டம்.

பாடகருக்குக் குடி குரல்நாணை உலர்த்தும், ரத்தக் குழாய்களை வீங்க வைக்கும். தொண்டை இளகியதுபோலத் தெரிவது வலி தெரியாததால். வலி தெரியாமல் மேல்ஸ்தாயியில் கத்தினால் நாணில் ரத்தக் கசிவு ஏற்படலாம். புகை எதுவானாலும் நாண் மேல் உள்ள சவ்வைத் தடிக்க வைக்கிறது, வருடக்கணக்கில் புகைத்தவர்களுக்குக் குரல் கீழே இறங்கிக் கரகரப்பதும் அதனால்தான். சிலருக்கு அந்தக் கரகரப்பே அடையாளமாகிவிடுகிறது. ஆனால் அப்படிப் போன மேல்ஸ்தாயி எளிதில் திரும்பாது.

‘எனக்கு அப்படி இல்லை, நான் உண்மையிலேயே நன்றாக வாசிக்கிறேன்’ என்பவருடன் வாதம் செய்வது வீண். ஏற்கெனவே இரண்டு கிளாஸ் போட்டுத்தான் ஒத்திகை பார்ப்பேன் என்பவர் இதைச் செய்து பார்க்கட்டும். இதற்காகப் புதிதாக யாரும் ஆரம்பிக்க வேண்டாம். நன்றாகத் தெரிந்த பாட்டில் 16 பார், அதாவது 16 தாள அளவு, எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 4 பார் க்ளிக் ஒலிக்கட்டும், அடுத்த 8 பார் க்ளிக்கை ஊமையாக்குங்கள், கடைசி 4 பாரில் மறுபடி வரட்டும். தெளிவாக இருக்கும் நாளில் 5 தடவை ஒலிப்பதிவு, அதாவது 5 டேக், குடித்த நாளில் 5 டேக், அதே மைக், அதே தூரம், அதே அளவு. ஒவ்வொரு டேக்குக்கும் அந்தக் கணமே பத்துக்கு மதிப்பெண் போட்டு எழுதி மூடி வையுங்கள். பத்து ஃபைலுக்கும் வேறொருவரைக் கொண்டு பெயர் மாற்றிக் கலைத்துவிடச் சொல்லுங்கள். பத்தும் ஒரே சத்த அளவில் இருப்பதைச் சரிபாருங்கள், ஏனென்றால் அரை டெசிபல் கூடுதலாக இருப்பதுகூட ‘இது நல்லா இருக்கு’ என்று காதை ஏமாற்றும். மூன்று நாள் கழித்துத் தெளிவாக இருக்கும்போது கேட்டு மறுபடி மதிப்பெண் போடுங்கள். பிறகு, கடைசி 4 பாரில் க்ளிக் திரும்பும் இடத்தில் உங்கள் அடி எத்தனை மில்லிசெகண்ட் முன்னோ பின்னோ விழுந்திருக்கிறது என்று திரையில் அளந்து பாருங்கள். பார்க்க வேண்டியது எந்த டேக் நன்று என்பதை மட்டும் அல்ல. அன்று போட்ட மதிப்பெண்ணுக்கும் மூன்று நாள் கழித்துப் போட்டதற்கும் உள்ள இடைவெளி எந்தப் பக்கம் பெரிதாக இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

சரி, அப்படியானால் ஜாஸ் மேதைகள்? இந்தக் கேள்வி வராத விவாதமே இல்லை. சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கரை எடுத்துக்கொள்வோம், ஒரு தலைமுறையையே ஹெராயின் பக்கம் இழுத்தது அவர் பெயர்தான். 1946 ஜூலை 29 அன்று ஹாலிவுட்டில் நடந்த ஒலிப்பதிவுக்கு, ஹெராயின் கிடைக்காத தவிப்பை விஸ்கியால் அடக்கிக்கொண்டு வந்தார். நிற்கவே தடுமாறினார். அந்தப் பதிவு பின்னால் வெளிவந்தபோது அவருக்கே கோபம். அன்றிரவே விடுதியில் ரகளையாகி, கமரில்லோ மனநல மருத்துவமனையில் ஏறக்குறைய ஆறு மாதம் இருந்தார். வெளியே வந்த 1947-இல் வாசித்தவை அவருடைய சிறந்த பதிவுகளில் சேரும். இளம் வயதில் மூன்று நான்கு ஆண்டுகள் நாளுக்கு 11 முதல் 15 மணி நேரம் சாதகம் செய்ததாக 1954-இல் வானொலிப் பேட்டியில் சொன்னார். நகலெடுத்தவர்கள் எடுத்தது ஊசியை, அந்தப் பதினைந்து மணி நேரத்தை அல்ல. போதையில் நன்றாக வாசிக்கிறேன் என்று சொல்லும் இசைக்காரன் பொய் சொல்கிறான் என்ற கருத்தையும் அவரே 1949-இல் சொல்லியிருக்கிறார். 1955-இல் 34 வயதில் இறந்தபோது, உடலைப் பார்த்த அதிகாரி வயதை ஐம்பதுக்கு மேல் என்று கணித்தார்.

அடிமையானவர் போதையோடு நன்றாக வாசித்தார் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஓபியம் வகைப் பழக்கத்தில் உடல் சீக்கிரமே பழகிக்கொள்ளும். பிறகு எடுக்கும் ஒவ்வொரு வேளையும் அவரை மேலே ஏற்றுவதில்லை, குழிக்குள் கிடப்பவரைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். எடுக்காத அன்று கை நடுங்கும், வியர்க்கும், வாந்தி வரும். ‘எடுத்தால்தான் வாசிக்க வருகிறது’ என்பதன் பொருள் இது. சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1957-இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் குழுவிலிருந்து பழக்கத்தின் காரணமாக வெளியேற்றப்பட்டு, அந்த ஆண்டே ஹெராயினை விட்டார். இன்று அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் பெரும்பாலானவை அதற்குப் பின் வந்தவை. பியானோ கலைஞர் பில் எவன்ஸோ ஊசி நரம்பில் பட்டு வலக்கை மரத்துப்போன நிலையில், 1963-இல் நியூயார்க்கில் சில நாட்கள் இடக்கையை மட்டும் வைத்துப் பியானோ வாசித்தார். இதை வீரக்கதையாகச் சொல்பவர்கள் உண்டு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோக்கெய்ன், ஆம்பெட்டமின் போன்றவை வாயை உலர்த்தும், தாடையை இறுக்கும். குழல், சாக்ஸஃபோன், டிரம்பெட் வாசிப்பவருக்கு உதட்டுப் பிடிப்பே போய்விடும். வேகம் ஏறும். ஸ்டுடியோவில் ஸ்நேர் என்ற டிரம்மின் சத்தம் ஒன்றையே விடியவிடியத் திருகிக்கொண்டிருப்பதும் இதன் கைவேலை. எக்ஸ்டஸி மாத்திரையிலுள்ள எம்டிஎம்ஏ ஆட்டத்தின் சுகத்தைப் பல மடங்காக்கும்; தாகமும் உடல் சூடும் சத்தமும் தெரியாமல் பல மணி நேரம் ஆட வைப்பதில்தான் அதன் ஆபத்து.

போதைக்கென்று எடுக்காத மருந்துகளும் இந்தக் கணக்கில் வரும். மேடை பயத்துக்குப் பீட்டா பிளாக்கர் எடுப்பது வாத்தியக்காரர்களிடையே பரவலானது. 1977-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஆக்ஸ்ப்ரெனலால் என்ற பீட்டா பிளாக்கர் எடுத்த தந்தி வாத்தியக்காரர்களுக்கு வில் நடுக்கம் குறைந்தது. 1987-இல் அமெரிக்க சிம்ஃபனி, ஆப்பரா குழுக்களில் எடுத்த கணக்கில் 27 சதவீதம் பேர் இவ்வகை மாத்திரை எடுத்திருந்தார்கள். இது மூளையைப் போதையேற்றுவதில்லை. அட்ரினலின் கையையும் இதயத்தையும் உதறவைப்பதைத் தடுக்கிறது. இவ்வகையில் ப்ரொப்ரனலால் என்றால் மருத்துவர்கள் வழக்கமாக 10 முதல் 40 மில்லிகிராம், மேடைக்கு ஒரு மணி நேரம் முன்பாக எழுதுவார்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு இது மூச்சுக்குழாயை இறுக்கும், உயிருக்கே ஆபத்து. பக்கத்து நாற்காலிக்காரரிடம் பாதி மாத்திரை கடன் வாங்கும் பழக்கம் அதனால்தான் மோசமானது. முதல் தடவையைக் கச்சேரி நாளில் வைத்துக்கொள்ளவே கூடாது, ஒரு ஒத்திகையில் பார்த்துவிட வேண்டும். அளவு கூடினால் நடுக்கத்தோடு உற்சாகமும் போய், வாசிப்பு சப்பென்று ஆகும். தினமும் எடுப்பவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

வலிப்புக்குத் தரும் கார்பமஸெபைன் சிலருக்கு எல்லாச் சுரத்தையும் ஏறக்குறைய அரைச் சுரம் கீழே இறக்கிக் கேட்க வைக்கும். கேட்டதும் சுரத்தின் பெயரைச் சொல்லிவிடக்கூடிய காது உள்ளவர்தான் முதலில் கண்டுபிடிப்பார். மற்றவருக்குத் தெரியாமலே போகலாம். மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும். ஆனால் தானாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், மருத்துவரிடம் சொல்லி மாற்ற வேண்டும். ஆஸ்பிரின் அதிக அளவில் காதில் இரைச்சல் தரும். அலர்ஜி மாத்திரைகள் பல, குரல்நாணை உலர்த்தும்.

பழக்கத்தை விட நினைக்கும் வாசிப்பவருக்கு, யாரும் முன்கூட்டிச் சொல்லாத இரண்டு தொல்லைகள் வரும். முதலாவது, பாட்டு எல்லாம் சாயம் போனதுபோல் கேட்கும். இசையும் போதையும் ஓடும் அந்தக் கம்பி இத்தனை நாள் வெளியிலிருந்து வந்த மின்சாரத்துக்குப் பழகியிருந்ததால் வரும் நிலை அது, சில வாரமோ சில மாதமோ இருக்கும். அந்த நாட்களில் மிகவும் பிடித்த பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சோதித்து ஏமாறுவதைவிட, போதையில் ஒருமுறைகூடக் கேட்டிராத இசையைக் கேட்பது மேல், ஒப்பிட எதுவும் இருக்காது. இரண்டாவது, கற்றதே மறந்துபோனதுபோல் இருக்கும். ஒரு நிலையில் கற்றது அதே நிலையில் எளிதாக நினைவுக்கு வரும், வேறு நிலையில் தடுமாறும் என்பதை 1969-இல் மதுவை வைத்தே சோதித்துக் காட்டினார்கள். போதையில் உருப்போட்ட உருப்படிகள் தெளிந்தபின் இடையில் அறுந்து போகும். வித்தை போய்விட்டது என்று பயந்துதான் பலர் மறுபடி பழைய இடத்துக்குத் திரும்புகிறார்கள். அந்த உருப்படிகளைப் புதிதாக வந்தவைபோல் பாதி வேகத்தில் எடுத்து, பிரிவு பிரிவாக, இடம் மாற்றி மாற்றி ஆரம்பித்து, தினமும் இருபது முப்பது நிமிடம் ஏற்ற வேண்டும். விரல் பழகும் பாடம் தூக்கத்தில்தான் கெட்டிப்படும். குடியை விட்ட முதல் வாரங்களில் தூக்கமே கெட்டிருக்கும், அதனால் முன்னேற்றத்தை அன்றன்று பார்க்காமல் வாரத்துக்கு ஒரு முறை ஒலிப்பதிவு செய்து முந்தைய வாரத்தோடு ஒப்பிடுங்கள். நாள்தோறும் குடித்துவந்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம், அதை மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.